டேவியன் காட்ஸ்டன் வரவில்லை

ஹாலோவே மாவட்டச் சிறையில் கூட்டம் குறைந்துகொண்டே வருகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சுக்கு ஆதாரம் ஒரு படம். மாவட்ட அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், சிறைக் கூட்டத்தைக் குறைக்க அமைத்த கமிட்டி கூடும் அறையின் சுவரில், அதை ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டியிருந்தார்கள். இடது மூலையில் உச்சியில் தொடங்கும் கோடு, வலது மூலைக்கு வருவதற்குள் சறுக்குமரம் போல இறங்கியிருக்கும். அதன் கீழே இன்னும் இரண்டு கோடுகள். சிறையில் இருக்கும் கறுப்பர்கள் ஒன்று, வெள்ளையர்கள் இன்னொன்று. கறுப்பர் கோட்டைக் கறுப்பில் போட்டால் யார் மனமாவது புண்படும் என்று ஊதாவில் போட்டிருந்தார்கள். வெள்ளையர் கோடு ஆரஞ்சு. ஊதா இறங்கி ஆரஞ்சை நெருங்க வேண்டும். நெருங்கினால் விட்லோ அறக்கட்டளை பணம் தரும்.

விட்லோ என்பவர் கோழித்தீவனம் விற்றுப் பெரும் பணம் சேர்த்தவர். செத்துப்போய் அரை நூற்றாண்டு ஆகிறது. உயிரோடு இருந்தவரை ஒரு கறுப்பரைக்கூட முன்வாசல் வழியாக வீட்டுக்குள் விட்டதில்லை. இப்போது அவர் பெயரில் இருக்கும் பணம், கறுப்பர்களைச் சிறையிலிருந்து வெளியே விடு என்கிறது. செத்த பிறகாவது மனுஷனுக்குப் புத்தி வந்ததே என்று கார்லிஸ் காட்ஸ்டன் முதலில் சந்தோஷப்பட்டது உண்மைதான்.

கார்லிஸ், சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போய்த் திரும்ப வீட்டில் கொண்டுவிடும் வேனை ஓட்டுகிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகன் டேவியன், கட்ட முடியாத ஒரு அபராதத்துக்காக அந்தச் சிறையில் ஒரு மாதம் கிடந்தான். அவளைக் கமிட்டியில் சேர்த்தது அந்தத் தகுதியை வைத்துத்தான். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் அவள் பெயருக்குக் கீழே 'சமூகத்தின் குரல்' என்று எழுதியிருந்தது. மாதம் ஒரு முறை கூட்டம், கூட்டத்தில் சாப்பாடு. குரல் பேச வேண்டிய நேரத்தை மட்டும் நிகழ்ச்சி நிரலின் கடைசியில் வைத்திருந்தார்கள். அது வருவதற்குள் எல்லோர் கையிலும் கார் சாவி வந்துவிடும்.

போன சனிக்கிழமை டேவியன் மறுபடி மாட்டிக்கொண்டான். காரின் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். நிறுத்திப் பார்த்தால் ஓட்டுநர் உரிமம் ரத்தாகியிருக்கிறது. பழைய அபராதத்தில் மிச்சம் இருந்ததாம். இதே ஊரில் பின்விளக்கே இல்லாத வண்டிகளை வெள்ளைக்காரப் பையன்கள் கண்முன்னாலேயே ஓட்டித் திரிகிறார்கள். அவர்களுக்கு, "பாத்துப் போப்பா" என்ற புத்திமதியோடு சரி.

ஆனாலும் இந்தத் தடவை கார்லிஸ் கலங்கவில்லை. கமிட்டியின் பெருமையே வியாழக்கிழமைக் கோர்ட்தான். சின்னக் குற்றத்துக்குப் பிடிபட்டவன் வியாழக்கிழமை நீதிபதி முன்னால் வந்து நின்றால் போதும், ஜாமீன் பணம் இல்லாமலே அன்றைக்கு விட்டுவிடுவார்கள். வியாழக்கிழமை வெளியே வந்தால் திங்கட்கிழமை டேவியன் டயர் தொழிற்சாலைக்குப் போகலாம். எட்டு மாதம் நாயாய் அலைந்து வாங்கிய வேலை. பயிற்சி திங்கட்கிழமை ஆரம்பம். முதல் நாள் வராதவன் இடம் அடுத்தவனுக்கு.

புதன்கிழமை அதிகாலை வேனில் பர்விஸ் கிழவர் ஏறினார். வாரத்துக்கு மூன்று நாள் அவரை அவள்தான் ஏற்றிப்போகிறாள். அவர் வாய்க்குப் பயந்து மற்ற ஓட்டுநர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

"என்ன கார்லிஸ், நாளைக்கு உங்க கமிட்டிக்குப் பெரிய துரை வர்றாராமே?"

"ஆமா மிஸ்டர் பர்விஸ். பிரஸ்டன் ஹேக்னு பேரு. விட்லோ அறக்கட்டளைக்காரர். இன்னும் மூணு வருஷத்துக்குப் பணம் குடுக்கலாமா வேணாமான்னு பாத்துட்டுப் போவாரு."

"எதைப் பாப்பாரு?"

"சிறைய எப்படி நடத்தறாங்கன்னுதான்."

"அட போம்மா. சிறையப் பாக்கறவன் சொல்லாம கொள்ளாம வந்து நிப்பான். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாள் குறிச்சு வர்றவன் சாப்பாட்டைப் பாத்துட்டுப் போவான்."

"உங்களுக்கு எதுலதான் குறை இல்லை? நாளைக்குக் காலைல டேவியன் ஜட்ஜ் முன்னாடி நிப்பான், மத்தியானம் வீட்ல இருப்பான். அந்தக் கோர்ட்டே இந்தக் கமிட்டியாலதான் வந்துச்சு, தெரிஞ்சுக்கங்க."

"தெரியுமே. உன் போட்டோவைப் போட்டுச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கானே, பல்லெல்லாம் தெரியற மாதிரி. நான் பல்லு டாக்டர் விளம்பரம்னுல்ல நெனச்சேன்."

கார்லிஸ் வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் வேனை இறக்கினாள். கிழவர் முனகினார். இருவருக்கும் திருப்தி.

முந்தின நாள் ராத்திரி டேவியன், வழக்கத்துக்கு மாறாக, சிறையிலிருந்து போன் பண்ணவில்லை. புதன் ராத்திரியும் பண்ணவில்லை. நாளைக்கு வெளியே வரப்போகிறவன், எதற்கு நிமிஷத்துக்கு இத்தனை என்று கட்டணம் அழுவான் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவனுடைய பெல்ட், தொப்பி, செல்போன் எல்லாவற்றையும் திங்கட்கிழமையே அவன் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுக்கச் சொல்லியிருந்தான். போனில் சார்ஜ் போட்டுக் கைப்பையில் வைத்தாள். வெளியே வந்ததும் கேட்பான்.

வியாழக்கிழமை அவள் கோர்ட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது கைப்பைக்குள் அந்தப் போன் கணீரென்று ஒலித்தது. காவலர் திரும்பி முறைத்தார். அவசரமாக எடுத்துப் பார்த்தாள்.

'காலை வணக்கம் டேவியன்! இன்று ஒன்பது மணிக்கு உங்கள் வழக்கு. உங்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறோம்.' கடைசியில் ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம்.

வழக்கு நாளை ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள், அதனால் குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்ட வேண்டும் என்று விட்லோ பணத்தில் செய்த ஏற்பாடு அது. கம்பிக்குப் பின்னால் இருப்பவனிடம் போன் இருக்காது என்று அவ்வளவு படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கார்லிஸுக்கும் அதுவரை தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கு அவளும்தான் கை தூக்கியிருந்தாள்.

"டேவியன் காட்ஸ்டன்," என்று குமாஸ்தா கூப்பிட்டார். பக்கவாட்டுக் கதவு திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். நீதிபதி கோல்வார்ட் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வெள்ளைக்கார அம்மாள், மெல்லிய குரல், கமிட்டியில் எப்போதும் கார்லிஸுக்கு நேர் எதிரே உட்காருகிறவர்.

கார்லிஸ் எழுந்தாள். "மேடம், அவன் உங்க சிறையிலதான் இருக்கான். இதோ, பின்பக்கக் கட்டடத்துல. கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

குமாஸ்தா கம்ப்யூட்டர் திரையைத் தட்டிப் பார்த்தார். "அந்தப் பேர்ல இப்ப உள்ள யாரும் இல்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி வெளிய போனதா இருக்கு."

"வெளியன்னா?"

"வெளியன்னா வெளியதாம்மா."

"வெளிய விட்டிருந்தா வீட்டுக்கு வந்திருக்க மாட்டானா? ரெண்டு நாளா ஒரு போன்கூட இல்லையே."

"திருமதி காட்ஸ்டன்," என்றார் நீதிபதி, பரிவோடுதான். "என்கிட்ட இருக்கற தகவலை வச்சுத்தான் நான் நடக்க முடியும். அவர் வெளிய போயிருக்கார், இன்னிக்கு வரலை. வராதவருக்குப் பிடிவாரண்ட். இந்தத் திட்டத்துல சலுகை வர்றவங்களுக்குத்தான், உங்களுக்கே தெரியும்."

கார்லிஸ் தாழ்வாரத்துக்கு வந்து சுவரில் சாய்ந்தாள். தலைக்கு மேலே அவளே சிரித்துக்கொண்டிருந்தாள், கழுத்தில் அட்டையோடு, ஆளுயரத்துக்கு. கீழே பெரிய எழுத்தில்: 'நீங்கள் வந்தால் போதும். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.' அந்தப் படத்துக்காக மூன்று தடவை உதட்டுச்சாயம் மாற்றிப் பூசச் சொன்னார்கள். அவளும் பூசினாள்.

பாஸ்டர் மோப்ளிக்குப் போன் பண்ணினாள். அவர் சபையில்தான் இருபது வருஷமாகப் பாடுகிறாள். மோப்ளி கமிட்டியின் தலைவரும்கூட. விட்லோ செலவில் மாநாடு மாநாடாகப் போய், நட்சத்திர ஓட்டல் தலையணைகளைப் பற்றிப் பிரசங்க மேடையிலேயே பேசும் அளவுக்குத் தேறியிருந்தார்.

"சிஸ்டர், ஆண்டவர் பாத்துக்குவார்," என்றார். "டேவியன் எங்கயும் போயிருக்க மாட்டான். ஆனா ஒண்ணு, மத்தியானம் ஹேக் முன்னாடி எதையும் கிளப்பிடாதீங்க. நம்ம சனங்களுக்கு மூணு வருஷப் பணம் அது. ஒருத்தருக்காக எல்லாத்தையும் கவுத்துட வேணாம்."

"அந்த ஒருத்தன் என் பிள்ளை, பாஸ்டர்."

"எல்லாரும் நம்ம பிள்ளைங்கதானே சிஸ்டர்," என்று மோப்ளி இணைப்பைத் துண்டித்தார். எல்லாரும் பிள்ளைகள் என்றால் ஒருத்தனுக்கும் சோறு போட வேண்டாம், சௌகரியம்தான்.

அன்றைக்கு மதியச் சாப்பாடு வழக்கமான ரொட்டித் துண்டு இல்லை. ஹேக் உள்ளூர்ச் சாப்பாடு கேட்டிருந்தாராம். பொரித்த கெளுத்தி மீன், கீரைக் கடைசல், சோள ரொட்டி, வெந்த பீச் பழத்தின் மேல் மாவு போட்டுச் சுட்ட பலகாரம். ஹேக் ஒல்லியான மனிதர். கோட்டு சூட்டுக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ போட்டிருந்தார். எதைச் சொன்னாலும் "இது பெரிய கற்றல்" என்று சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். கீரையைத் தின்றுவிட்டு அதையும் கற்றல் என்றார்.

ஷெரீஃப் டில்லரி எழுந்து சுவர்ப் படத்தைக் குச்சியால் தொட்டார். மாவட்டப் போலீஸும் சிறையும் அவர் கையில்தான். மீசையை நன்றாக ஒதுக்கி வந்திருந்தார். "இந்த வாரம் வரலாற்றுலயே குறைஞ்ச எண்ணிக்கை. ஊதாவும் ஆரஞ்சும் பாருங்க, கை கோக்கற தூரத்துல இருக்கு." எல்லோரும் கை தட்டினார்கள். மோப்ளி "ஆமென்" என்றார்.

"அருமை," என்றார் ஹேக். "ஆனா இன்னிக்கு ஒரு மாறுதல். எப்பவும் கடைசியில வைக்கறதை முதல்ல வைப்போம். சமூகத்தின் குரலைக் கேட்போம்."

மேசையில் முள்கரண்டிகள் நின்றன. கார்லிஸ் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"ஷெரீஃப், என் பையன் எங்க?"

டில்லரி மோப்ளியைப் பார்த்தார். மோப்ளி மீனைப் பார்த்தார்.

"பத்திரமா இருக்கான்மா. ஆஸ்லர் மாவட்டத்துல. அங்க கொஞ்சம் பேரை மாத்தியிருக்கோம். சிறையில நெருக்கடி கூடாதுன்னு நீங்க எல்லாரும்தானே சொன்னீங்க?"

"வெளிய விடுங்கன்னு சொன்னோம். வேற சிறையில வைங்கன்னு சொல்லலை. எத்தனை பேரை அனுப்பினீங்க?"

"ஒரு பஸ்."

"அந்த பஸ்ல வெள்ளக்காரங்க எத்தனை பேர்?"

"நிறத்தைப் பாத்து நான் ஒருத்தரையும் ஏத்தலை," என்றார் டில்லரி, முகம் சிவந்து. "வக்கீல் வச்சுக்காதவங்க, பாக்க ஆள் வராதவங்க, இப்படிப் பாத்துத்தான் ஏத்தினோம்."

"நானும் அதைத்தான் கேட்டேன்."

நீதிபதி கோல்வார்ட் துணியால் வாயை ஒற்றினார். "எனக்கு இது தெரியாது. திரையில வெளிய போயிட்டார்னுதான் இருந்துச்சு."

"இப்பத் தெரிஞ்சிடுச்சுல்ல மேடம்? வாரண்ட்டை எடுத்துருங்க. அவன் வராம இல்லை, கைல விலங்கு மாட்டி இவங்கதான் கொண்டுபோயிருக்காங்க."

"சாப்பாட்டு மேசைல உத்தரவு போட முடியாதே. அடுத்த வியாழக்கிழமை அவர் நேர்ல வந்து நின்னா ஒரு நிமிஷத்துல ரத்து பண்ணிடறேன்."

"நேர்ல எப்படி வருவான்?"

"வாரண்ட் இருக்கறவனை ஆஸ்லர்காரங்க வெளிய விட மாட்டாங்க," என்று டில்லரி விளக்கினார், குழந்தைக்குச் சொல்வதுபோல. "இங்க இடம் காலியானதும் நம்ம பஸ் போய்க் கூட்டிட்டு வரும்."

"இடம் காலியாத்தானே இருக்கு? இப்பத்தானே குச்சி வச்சுக் காட்டினீங்க?"

மோப்ளி இருமினார். கார்லிஸின் கைப்பையில் போன் மறுபடி கணீரென்றது. அவள் எடுத்தாள். சத்தமாகவே படித்தாள்.

"டேவியன், இன்று உங்களைக் காணவில்லையே! பரவாயில்லை, யாருக்கும் நேர்வதுதான். நீங்கள் எங்களுக்கு முக்கியமானவர்." நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தாள். "மறுபடியும் ஒரு மஞ்சள் மூஞ்சி. இந்தத் தடவை அழுவுது."

ஹேக்கின் முகம் மலர்ந்ததே, அதை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

"பாருங்க, செய்தி சரியான நேரத்துக்கு வந்திருக்கு," என்றார். நோட்டில் வேகமாக எழுதினார். "திருமதி காட்ஸ்டன், உங்க வேதனை எனக்குப் புரியுது. இங்க ஒரு தகவல் இடைவெளி இருக்கு. இந்த மாதிரி இடைவெளியைக் கண்டுபிடிக்கத்தான் இந்த மேசையே. வேற மாவட்டங்கள்ல இதெல்லாம் வெளியவே வராது. இது ரொம்பப் பெரிய கற்றல்."

"நீங்க கத்துக்கங்க சார். வேணாங்கலை. என் பையன் திங்கக்கிழமை வேலைக்குப் போகணும். அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"ஒரு துணைக் கமிட்டி போடலாம்," என்றார் மோப்ளி, தப்பிக்க வழி கிடைத்த வேகத்தில். "தகவல் இடைவெளித் துணைக் கமிட்டி. தலைவரா சிஸ்டர் கார்லிஸ் பேரை நான் முன்மொழியறேன்."

கைகள் உயர்ந்தன. நீதிபதியின் கை, ஷெரீஃபின் கை, ஹேக்குக்கு ஓட்டு கிடையாது, இருந்தாலும் அவரும் தூக்கினார். பிள்ளையைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறவளுக்குப் பதவி கொடுத்துவிட்டார்கள். அப்புறம் பலகாரம் வந்தது.

கார்லிஸ் அட்டையைக் கழற்றி எறியவில்லை. எறியத்தான் கை பரபரத்தது. ஆனால் அதைக் கழுத்தில் மாட்டியபடியே காரை எடுத்துக்கொண்டு ஆஸ்லருக்குப் போனாள். ஒன்றரை மணி நேர ஓட்டம், இரண்டு பக்கமும் சோயா வயல். பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. வாசலில் இருந்த காவலாளிப் பெண், அட்டையையும் அதிலிருந்த விட்லோ முத்திரையையும் பார்த்ததும் எழுந்து நின்றாள். இரண்டு வருஷத்தில் அந்த அட்டை உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

"டேவியன் காட்ஸ்டனைப் பாக்கணும்."

காவலாளிப் பெண்ணும் கறுப்பினத்தவள்தான். திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "எங்க கணக்குல இல்லையே மேடம். ஹாலோவேலேர்ந்து வந்த ஆளா? அப்ப ஹாலோவே கணக்கு."

"ஹாலோவேல கேட்டா வெளிய போயாச்சுங்கறாங்க."

"அது அப்படித்தான் சொல்வாங்க. எங்க ஆளுங்க ஒரு பஸ் அங்க இருக்காங்களே, அவங்களை நாங்களும் அப்படித்தான் சொல்வோம்."

"உங்க ஆளுங்க அங்கயா?"

"உங்களுக்குத் தெரியாதா? விட்லோலேர்ந்துதானே வர்றீங்க?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கும் விட்லோ பணம் வருது மேடம். எங்க ஷெரீஃபும் சுவத்துல படம் மாட்டியிருக்காரு. பக்கத்து மாவட்டத்துலேர்ந்து விருந்தாளியா வந்த ஆளை எண்ணக் கூடாது, அனுப்பி வச்ச ஆளையும் எண்ணக் கூடாது. உங்க ஷெரீஃபும் எங்க ஷெரீஃபும் ஒண்ணா மீன் பிடிக்கப் போறவங்க. அங்கதான் பேசி முடிச்சாங்க போல."

ஹாலோவேயில் ஏன் இடம் காலியாகவில்லை என்பது அப்போதுதான் கார்லிஸுக்கு விளங்கியது. அங்கே ஆஸ்லர்காரன் பிள்ளை படுத்திருக்கிறான். அவன் தாயும் இந்நேரம் எங்கோ ஒரு கோர்ட்டில், என் பையன் உள்ளேதான் இருக்கிறான் என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள்.

"அங்கயும் கணக்குல இல்லை, இங்கயும் இல்லை. பின்ன என் பிள்ளை எங்கதாம்மா இருக்கான்?"

அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அட்டையை இன்னொரு தடவை பார்த்தாள். மேலிடத்துப் பெண் இல்லை, தாய். சாவிக்கொத்தை எடுத்தாள். "கூட்டிட்டு வர்றேன், இருங்க. சட்டுனு பேசிடுங்க."

டேவியன் கண்ணாடிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, பார்வையாளரோடு பேச அங்கே மாட்டியிருந்த போனை எடுத்தான். தாடி வளர்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"நான்தானே சமூகத்தின் குரல். சாப்ட்டியா?"

"ஏதோ போடறாங்க. சோளக் கஞ்சி, வெள்ளையா, உப்பே இல்லாம. அம்மா, விலங்கு மாட்டி பஸ்ல ஏத்தினப்ப, எங்களை வெளிய விடறாங்கன்னு நெனச்சோம். பக்கத்துல இருந்த பையன் பாட்டே பாட ஆரம்பிச்சுட்டான். பஸ்ஸு மாவட்ட எல்லையத் தாண்டினப்புறம்தான் நிறுத்தினான்."

"வியாழக்கிழமை எனக்குக் கோர்ட்டுன்னு சொல்ல வேண்டியதுதானேடா?"

"சொல்லாம இருப்பேனா? கத்தினேன். 'கவலைப்படாத, உனக்கு மெசேஜ் வரும்'னான் பஸ்ஸுக்குக் காவல் வந்த டெபுட்டி."

இருவரும் சிரித்தார்கள். காவலாளிப் பெண் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் டேவியன் கண்ணாடியில் நகத்தால் கீறினான்.

"திங்கக்கிழமை வந்துருவேனாம்மா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை. "அலையறேன்டா," என்றாள். "நாளைக்குப் பூரா அலையறேன்."

அலைந்தாள். வெள்ளிக்கிழமை, ஏழைகளுக்காக அரசு வைத்திருக்கும் இலவச வக்கீல் மனு எழுதித் தந்தார். மனுவை வாங்கிய குமாஸ்தா, வியாழக்கிழமை வழக்கு வியாழக்கிழமைதான் எடுக்கப்படும் என்றார். பஸ் எப்போது போகும் என்று டில்லரி ஆபீஸில் கேட்டால், விருந்தாளிகள் கிளம்பட்டும் என்றார்கள். டயர் தொழிற்சாலையில் இருந்த மேற்பார்வையாளர் நல்ல மனிதர். நல்ல முறையில் கேட்டுக்கொண்டு, நல்ல முறையில் முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை சபையில் மோப்ளி, சிறைப்பட்டோருக்கு விடுதலை என்ற வசனத்தை எடுத்துப் பிரசங்கம் பண்ணினார். கார்லிஸ் அன்றைக்குப் பாடவில்லை. பாடகர் வரிசையில் வாயை இறுக மூடிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனுஷர் இரண்டு தடவை வசனத்தைத் தவறவிட்டார்.

திங்கட்கிழமை விடியலில் பர்விஸ் வேனில் ஏறியபோது கையில் அன்றைய பத்திரிகை இருந்தது.

"உங்க துரை தாராளமான ஆளுதான். மூணு வருஷத்துக்குக் குடுத்துட்டான். ஹாலோவேக்கும் ஆஸ்லருக்கும் சேத்து. அண்டை மாவட்டங்க இவ்வளவு ஒத்துமையா வேலை செய்யறதை வேற எங்கயும் பாத்ததில்லையாம்."

டயர் தொழிற்சாலை வழியில்தான் இருந்தது. கார்லிஸ் எதிர்ச்சாரியில் வேனை நிறுத்தினாள், ஏன் நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. புதுப் பையன்கள் வரிசையாக வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள், புது பூட்ஸ், கையில் சாப்பாட்டு டப்பா. டேவியனுக்கும் அவள் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வைத்திருந்தாள். அது அவள் காரின் பின்சீட்டில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

கைப்பையில் போன் கணீரென்றது.

"எவன்டா இவன் விடிஞ்சும் விடியாம?" என்றார் பர்விஸ். "படி, கேப்போம்."

அவள் படித்தாள். "டேவியன், நீங்கள் ஏன் வர முடியவில்லை என்று தெரிந்தால் நாங்கள் உதவ முடியும். வண்டி வசதி இல்லையென்றால் ஒன்றை அழுத்துங்கள். வேலை இருந்ததென்றால் இரண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் மூன்று. மறந்துவிட்டீர்கள் என்றால் நான்கு."

"நீங்கதான்டா தூக்கிட்டுப் போனீங்கன்னு அஞ்சாவது ஒண்ணு இல்லையா?"

"இல்லை மிஸ்டர் பர்விஸ். நாலுதான் இருக்கு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை. இருக்கிற நாலில் ஒன்று உண்மைதான். வண்டி வசதி இல்லை என்ற முதல் எண்ணை அழுத்தினாள். அந்தத் திட்டத்தில் மின்னல் வேகத்தில் நடக்கும் காரியம் ஒன்றே ஒன்றுதான். பதில் உடனே வந்தது.

'நன்றி டேவியன்! அடுத்த வியாழக்கிழமை நீங்கள் கோர்ட்டுக்கு வர இதோ உங்களுக்கு இலவசப் பேருந்துச் சீட்டு. ஹாலோவே மாவட்ட எல்லைக்குள் மட்டுமே செல்லும்.'